சுவருக்குள் விளக்கு

அத்தியாயம் 7

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் தூண் வியர்க்கிறது என்று ஹியூபேட் சொன்னபோது ரதி சிரிக்கவில்லை. கொழும்பில் வியர்க்காமல் இருப்பது எது என்று மட்டும் கேட்டாள். ஆனாலும் அதைவிட்டால் அவள் கையில் வேறு துப்பு இல்லை. வெள்ளவத்தையில் புடவைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த அவளுடைய அலுவலகத்தில் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது மின்விசிறி ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டு இருவரும் முச்சக்கர வண்டியில் ஏறினார்கள். காலி வீதி என்ற பெருந்தெருவின் நெரிசலில் வெந்து, கோட்டையைத் தாண்டி, பகல் சாப்பாட்டு நேரம் கடந்த பிறகு நங்கூர மாதா கோயில் வாசலில் வந்து இறங்கினார்கள்.

ரதி காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பழகி, பிறகு அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவள். ஹியூபேட் துறைமுகத்தில் கப்பல் சாமான் எண்ணும் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எண்ணுவதற்குச் சாமான் இல்லாததால் மற்றவர்களுடைய குற்றங்களை எண்ணுவதாகச் சொல்லிக்கொள்வார். கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தெரியாத முடுக்கும் இல்லை, அவரைத் தெரியாத தேநீர்க்கடையும் இல்லை.

வழக்கு இதுதான். துறைமுக மதிலை ஒட்டி நிற்கிற இந்தச் சின்னக் கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தை எல்லாம் ஒரு கம்பனி வளைத்துப் போட்டுக் கொள்கலன் அடுக்கி வைத்திருந்தது. இப்போது கோயில் நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டது. கோயிலிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. வெள்ளைக்காரன் துறைமுகத்தைப் பெருப்பித்தபோது கடலுக்குள் மண் போட்டு நிரப்பிய நிலம் இது என்றால், அரசாங்கம் எடுத்துக் கம்பனிக்குக் கொடுத்துவிடும். அதற்கு முன்பே கோயில் இதே இடத்தில் நின்றது என்று காட்டினால் ஒருவரும் தொட முடியாது. கோயில் ஆட்கள் எல்லாரும் நின்றது நின்றது என்று சத்தியம் பண்ணினார்கள். வாசலில் பதித்த கல்லோ 1961 என்று அடம்பிடித்தது. அடுத்த வாரம் விசாரணை முடிகிறது.

வாசலில் எவ்லின் காத்து நின்றாள். கோயில் சபைத் தலைவி, அறுபதை நெருங்குகிறவள், ரதியை அமர்த்தியவள் அவள்தான். "வாங்க தங்கச்சி" என்று சொன்னவள் உள்ளே கூட்டிப் போகாமல் பக்கத்துச் சந்து வழியே கோயிலின் பின்புறத்துக்கு அழைத்துப் போனாள்.

"முதல்ல இதைப் பாருங்க. பிறகு தூணைப் பாக்கலாம்."

பின்சுவருக்கும் துறைமுக மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது. சுவர் நெடுக, கைப்பிடி அளவில் சின்னச் சின்ன மாடங்கள். சிலவற்றில் மெழுகு உருகி வழிந்திருந்தது. கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு இந்தக் கோயிலில் கல்லறை கிடையாது. சுவரில் ஒரு மாடம் குடைந்து, வெளிப்பக்கமாக விளக்கு வைப்பார்கள். எவ்லின் ஒரு மாடத்தின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.

"இது எங்கட மகன் கிளின்ரன். ஆழ்கடலுக்குப் போன போட் திரும்பி வரல்ல. மாதம்பிட்டிச் சவக்காலையில மற்ற எல்லாருக்கும் குழி இருக்கு. எனக்குப் போய் நின்டு அழ இது மட்டும்தான் இருக்கு, தங்கச்சி. இதை இடிச்சா நான் எங்க போறது?"

ரதி மதிலைப் பார்த்தாள். மதிலுக்கு அப்பால் பாரந்தூக்கி ஒன்று உறுமியது. கட்டணத்துக்காக எடுத்த வழக்கு அந்த இடத்தில் அவளுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. எப்படியாவது இந்த மனுசியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நல்ல மனதோடுதான்.

கோயில் உள்ளே ஒடுங்கி நீண்டிருந்தது. வீதிப் பக்கம் வாசல், கடல் பக்கம் பீடம். வாசலிலிருந்து சனம் உட்காரும் வாங்குகள் நாலைந்து தள்ளி, குறுக்கே ஒரு பெரிய வளைவு. அதன் இரண்டு கால்களும் தடித்த தூண்களாக நின்றன. வியர்க்கிற தூண் அதில் வலப்பக்கத்தது.

"திருநாளுக்கு முதல் பெயின்ட் அடிப்பம்" என்றாள் எவ்லின். "மற்றச் சுவரெல்லாம் அடுத்த வருசம் வரைக்கும் அப்பிடியே இருக்கும். இந்த வளைவு மட்டும் ஒரு மாசத்தில பொருக்கு விட்டு ஈரமாகும். மாதா எங்களுக்காக வேர்க்கிறா. சனம் லேன்சித் துணியால துடைச்சுக் கொண்டு போய் வருத்தக்காரருக்குப் பூசும்."

"நானும் முழங்காலுக்குப் பூசினன், மிஸ்" என்றார் ஹியூபேட். "முழங்கால் சுகமாகல்ல. காற்சட்டைதான் வெள்ளையா வெளுத்துப் போச்சு."

ரதி சட்டென்று திரும்பினாள். "வெள்ளையாவோ?"

"மாவு கொட்டின மாதிரி. மனுசி பேக்கரியில வேலைக்குச் சேந்தீங்களா எண்டு கேட்டா."

ரதி தூணை நெருங்கி விரலால் ஒரு தடவை தேய்த்தாள். பிறகு, எவ்லின் தடுக்குமுன், விரலை நாக்கில் வைத்தாள். எவ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டாள்.

"உப்பு" என்றாள் ரதி.

"மாதாவின்ட வேர்வையும் உப்பாத்தானே இருக்கும்" என்றார் ஹியூபேட்.

"சும்மா இருங்கோ. மற்றச் சுவர் ஏன் வேர்க்கேல்லை? அது சீமெந்துக் கல்லு. இது முருகைக்கல்லு, கடலுக்குள்ள இருந்து வெட்டி எடுக்கிறது. கடல் மணலும் சுண்ணாம்பும் குழைச்சுக் கட்டின சுவர். பருத்தித்துறையில பெரியப்பா வீட்டுச் சுவரும் இப்பிடித்தான் மாரியில உப்புக் கக்கும். அக்கா, சீமெந்து வந்த பிறகு 1961இல ஆராவது முருகைக்கல்லில கோயில் கட்டுவினமே?"

எவ்லினுக்கு உடனே விளங்கவில்லை. ரதி ஹியூபேட்டைத் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொன்னாள். மனைவியைத் தவிர வேறு யாரையும் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை என்று முணுமுணுத்தபடி அவர் கட்டிப்பிடித்தார். இரண்டு கையும் சந்திக்கவில்லை. பக்கச் சுவர்களோ ஒரு சாண் தடிப்புக்கூட வராது.

"அலங்காரத்துக்கு வைச்ச வளைவெண்டால் இந்தத் தடிப்பு என்னத்துக்கு?" ரதியின் குரல் ஏறியது. "இது வளைவில்லை. ஒரு பழைய கோயிலின்ட வெளிச்சுவர். நடுவில இருந்த வாசலைப் பெருப்பிச்சு வளைவாக்கியிருக்கினம். 1961இல நடந்தது கட்டினது இல்லை, பெருப்பிச்சது. அந்தக் கல்லு பொய் சொல்லேல்லை, அரைவாசியைத்தான் சொல்லுது."

ஹியூபேட் பேனையின் பின்புறத்தால் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். வாசல் பக்கம் தட்டினால் கல்லின் சத்தம். பீடத்துப் பக்கம் போய்த் தட்டியபோது, நெஞ்சுயரத்தில் ஓரிடத்தில், டொக் என்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு டொக்.

"மிஸ், இந்தாள் ஒரு காது செவிடு. வீதிப் பக்கம் கதைச்சா பேசாமல் நிக்கிறார். இந்தப் பக்கம் கதைச்சா பதில் சொல்றார்."

பொந்து. பூச்சுக்குள் பொந்துகள். ரதி தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பழைய மாடங்கள்! விளக்குப் புகை படிந்த மாடம் ஒன்று வெளிவந்தால் போதும். யார் என்ன சொல்ல முடியும்? எவ்லினுக்கும் இப்போது விளங்கிவிட்டது. அவள் அழத் தொடங்கியிருந்தாள். ஹியூபேட் பீடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் போய் உளியும் சுத்தியலும் தேடி எடுத்து வந்தார்.

"நில்லுங்கோ" என்றாள் ரதி. "நாங்களா உடைக்கக் கூடாது. நாங்களே உடைச்சு நாங்களே காட்டினால், நேற்றுக் குடைஞ்சு கரி பூசினது எண்டு கம்பனிக்காரர் சொல்லுவினம். விசாரணை அதிகாரியைக் கூப்பிடுவம். அவருக்கு முன்னால உடைப்பம்."

"நமசிவாயம் சேரையா?" ஹியூபேட் சுத்தியலை இறக்கினார். "மேட்ச் முடியமுதல் அம்பயரை எங்கட டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள கூப்பிடுறீங்க, மிஸ்."

"அம்பயர் கண்ணால கண்டால்தான் அவுட் குடுப்பார்."

"அவுட் ஆகப்போறது ஆர் எண்டு தெரியோணுமே."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ரதி கேட்டும் கேட்காதவள் மாதிரித் தொலைபேசியை எடுத்தாள். காப்புறுதிக் கம்பனியில் அவள் படித்த முதல் பாடம் அது: சாட்சி இல்லாமல் எதையும் திறக்காதே. அந்தப் பாடம் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

நமசிவாயம் குடையும் கைப்பையுமாக வந்து சேர்ந்தார். ஓய்வுக்குக் கிட்டிய வயது, அமைதியான ஆள். கம்பனியின் தேநீரைக்கூடக் குடிக்காதவர் என்று ஹியூபேட் முன்பே விசாரித்து வைத்திருந்தார். ரதி உப்பிலிருந்து தொடங்கித் தன் கணக்கை ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தூணைத் தடவினார், பக்கச் சுவரைத் தடவினார், தலையசைத்தார்.

"சரி, உடையுங்கோ" என்றார்.

ஹியூபேட் பீடத்துப் பக்கம் நின்று உளியை வைத்தார். பூச்சு கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே அடைத்திருந்த செங்கல் இரண்டை நெம்பி இழுத்தார். கறுப்பாக ஒரு சின்ன வாய் திறந்தது. ரதி கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே பிடித்தாள். மேல் வளைவு முழுக்கப் புகைக்கரி. அடியில் உடைந்த மண் விளக்கு ஒன்று, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய்க் கிடந்தது.

நமசிவாயம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கல்லை நகத்தால் சுரண்டினார்.

"நூறு வருசத்துக்கு மேல" என்றார் கடைசியில். "துறைமுகம் பெருப்பிக்க முதல் கட்டின சுவர். இதில எனக்குச் சந்தேகமில்லை."

எவ்லின் அப்படியே முழந்தாளிட்டாள். ஹியூபேட் சுத்தியலை வாங்கின் மேல் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசு போய்விட்டது என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். ரதி சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாள் அலைச்சலும் அந்த நிமிடத்தில் பறந்துபோனது. தான் கெட்டிக்காரி என்று அவளுக்கு இருந்த எண்ணம் அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. அதை ஒளிக்கவும் அவள் பாடுபடவில்லை.

நமசிவாயம் மட்டும் சந்தோசப்படவில்லை. அவர் மாடத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பீடத்தைப் பார்த்தார். மறுபடியும் மாடத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"அம்மா" என்றார் எவ்லினிடம், தணிந்த குரலில். "இந்த மாடங்களை உங்கட ஆக்கள் எந்தப் பக்கம் பாத்து வைக்கிறவை?"

ரதிக்கு அப்போதுதான் உறைத்தது.

மாடத்துக்கு ஒரு வாய்தான். சுவரின் வெளிப்பக்கம்தான் அது திறக்கும். ஹியூபேட் தட்டியபோது வீதிப் பக்கம் செவிடாக இருந்தது. பீடத்துப் பக்கம் பதில் சொன்னது. எந்த இடத்தில் உடைப்பது என்பதற்கு மட்டும்தான் அவள் அந்தப் பதிலைப் பயன்படுத்தினாள். அந்தப் பதில் வேறென்ன சொல்கிறது என்று கேட்கவே இல்லை. அவள் பீடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

எவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் பெருமை பொங்கியது. கோயிலைப் பற்றி ஓர் அதிகாரி மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கடலைப் பாத்து, சேர். எப்பவும் கடலைப் பாத்துத்தான். வேற பக்கம் வைக்கவே மாட்டம். கடலில நிக்கிறவங்களுக்கு வெளிச்சம் தெரியோணுமே."

நமசிவாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சேர்?" என்றாள் எவ்லின். "நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?"

"இல்லையம்மா. சரியாத்தான் சொன்னீங்கள்." அவர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். "இந்தச் சுவரில இருந்து வீதி வரைக்கும் பழைய கோயில். மிச்சச் சுவர்களை வீதி அகலிச்சபோது இடிச்சிருப்பினம். இந்த வளைவுதான் கடல் பக்கத்து வாசல். வள்ளத்தில வந்த சனம் கரையில இறங்கி இதுக்குள்ளாலதான் உள்ள வந்திருக்கும்." கை மெல்லத் திரும்பிப் பீடத்தை நோக்கியது. "மாடம் இந்தப் பக்கம் பாக்குதெண்டால், இங்கால இருந்தது கடல். இப்ப நாங்கள் நிக்கிற இடம், பீடம், அறை, பின்சுவர் எல்லாம் பிறகு மண் போட்டு நிரப்பின நிலம்."

"பின்சுவரா?" என்றாள் எவ்லின்.

"ஓம் அம்மா."

அவள் முகத்தைப் பார்க்க ரதியால் முடியவில்லை. கோயிலுக்கு மிஞ்சுவது வாசலுக்கும் வளைவுக்கும் இடையில் உள்ள நாலைந்து வாங்கு அளவு நிலம். குடையும் செருப்பும் வைக்கிற இடம். கிளின்ரனின் மாடம் இருப்பது மற்றப் பக்கத்தில்.

"சேர்" என்றார் ஹியூபேட். அவர் குரலில் முதல்தடவையாகப் பகிடி இல்லை. "நான் நல்லாப் பூசுவன். செங்கல்லைத் திரும்ப வச்சு, சீமெந்து பூசி, நாளைக்குக் காலமை பெயின்ட் அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க இண்டைக்கு இங்க வரவே இல்ல."

நமசிவாயம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட ரதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வந்திட்டனே, ஐயா. கண்டிட்டன். கண்டதை இல்லையெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது." பிறகு ரதியின் பக்கம் திரும்பினார். "ஒண்டு சொல்லட்டே, பிள்ளை? நான் அறிக்கையை அரைவாசி எழுதி வச்சிருந்தனான். ரெண்டு பக்கமும் சான்று இல்லை, நிலத்தின்ட வயசு சந்தேகம், ஆனபடியால் இருக்கிறதை அப்பிடியே விடலாம் எண்டுதான் எழுத இருந்தனான். வணக்கத் தலம் கண்டியளே, சந்தேகத்தில ஒருத்தரும் கை வைக்க மாட்டினம். இப்ப சந்தேகம் இல்லை."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். பீடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். இந்து மனிதர், ஆனாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை வெறுங்காலோடு நடந்து போனார். அவரைத் திட்டுவதற்குக்கூட வழி இல்லாமல் போனது.

ரதி வாங்கில் உட்கார்ந்தாள். எதிரி யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். லஞ்சம் வாங்கிய அதிகாரி, காட்டிக்கொடுத்த கோயில் ஆள், பொய்ச்சாட்சி என்று யாரையாவது பிடித்து உலுக்கலாம். இந்த வழக்கில் அப்படி ஒருவரும் இல்லை. உப்பை நக்கியது அவள். தூணைக் கட்டிப்பிடிக்கச் சொன்னது அவள். அம்பயரைக் கூப்பிட்டது அவள். கோயிலை இடிக்கத் தேவைப்பட்ட ஒரே சாட்சியத்தைக் கம்பனி கோடி கொடுத்தும் கண்டுபிடித்திருக்காது. ரதி ஒரே பின்னேரத்தில் கண்டுபிடித்து வாசல் வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"மேல்முறையீடு இருக்கு, அக்கா" என்றாள். சொல்லும்போதே அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் லோயரோட கதைக்கிறன். மாடங்களை வேற கோயிலுக்கு மாத்திக் கேக்கலாம். ஒரு ஆறுமாசம் இழுத்தடிக்கலாம்."

எவ்லின் கேட்டாளோ இல்லையோ. அவள் தூணருகே குனிந்து, விழுந்து கிடந்த பூச்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஹியூபேட் உதவிக்குப் போனார். அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகு நிமிர்ந்து ரதியைப் பார்த்தாள்.

"தங்கச்சி, அவர் அந்தக் கேள்வியைக் கேட்டப்பவே உங்களுக்கு விளங்கினதா?"

பொய் சொல்ல ரதிக்கு மனம் வரவில்லை. "ஓம், அக்கா."

"நான் வாயைத் திறக்க முதலே?"

"ஓம்."

எவ்லின் தலையாட்டினாள். கோபத்தின் சாயல்கூட அவள் குரலில் இல்லை.

"கண்ணைக் காட்டியிருக்கலாமே. ஒருக்கா இருமியிருக்கலாமே. நான் வீதியைப் பாத்து வைக்கிறது எண்டு சொல்லியிருப்பன், தங்கச்சி. மாதாவுக்கு முன்னால நின்டு சொல்லியிருப்பன். கிளின்ரனுக்காக ஒரு பொய் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில பாதர்கிட்ட ஒப்புக்கொண்டிருப்பன்."